கம்பியில்லா இணைப்பும் வீட்டுக் காவலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வேலியின் பெருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. காணியின் எல்லையை உறுதியிலே எழுதி வைப்பதோடு நாம் அமைந்துவிடுவதில்லை. கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ கொண்டு அடைத்து, காலந்தோறும் அதைப் புதுப்பித்து வந்தவர்கள் நாம். அயலவர் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்பதற்காக நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்களும் உண்டு. இன்று பல ஊர்களிலே கிடுகு வேலி மறைந்து சீமெந்து மதில் எழுந்துவிட்டது. ஆயினும் அம்மதிலையும் பொருட்படுத்தாது கடந்து செல்லும் ஒன்று நம் வீடுகளிலே குடிபுகுந்திருக்கின்றது. வைபை என்று சிறுவரும் பெயர் சொல்லி அழைக்கும் கம்பியில்லா இணைய அலையே அது.

வானொலிப் பெட்டியைப் பழகிய நமக்கு அலை என்பது புதிதன்று. 1990இன் பின் மின்சாரம் அற்றிருந்த ஆண்டுகளிலே, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் இம்மண்ணிலே இன்றும் வாழ்கின்றனர். ஆனால் வானொலி அலை ஒருவழிப் பயணம் செய்வது. நிலையத்திலிருந்து நம்மை நோக்கி வரும், அவ்வளவே. வைபை அலையோ இருவழிப் பாதை. மத்திய அலை வானொலியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். வைபையின் பழைய அலைவரிசையிலோ அது ஏறக்குறைய 12 சென்ரிமீட்டர். புதியதிலே அதிற் பாதி. சுண்ணாம்புக் கல்லாற் கட்டிய பழைய நாற்சார் வீட்டின் தடித்த சுவர் இவ்வலையை ஓரளவு தளர்த்தும். ஆனால் யன்னல் வழியாகவும், ஓட்டுக்கூரை வழியாகவும், திறந்த முற்றத்தின் வழியாகவும் அது தாராளமாக வெளியேறி ஒழுங்கையை அடைந்துவிடும். ஓலை வேலி அதற்கு ஒரு பொருட்டேயன்று.

எனக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொக்குவிற் பகுதியிலே தனித்து வாழ்கின்றார். மனைவியார் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த நாடுகளில். ஞாயிற்றுக்கிழமைகளிலே மகளின் முகத்தைத் திரையிற் காண்பதே அவருக்கு அவ்வாரத்தின் முக்கிய நிகழ்ச்சி. சென்ற ஆண்டு சில மாதங்களாக அவருடைய இணைய இணைப்பின் மாதாந்த டேட்டா அளவு, மாதம் பாதியைக் கடக்குமுன்னரே தீர்ந்து போயிற்று. பின்வரும் ஞாயிற்றுக்கிழமைகளிலே மகளின் முகம் அசையாத படமாய் நின்றுவிடும். ஒழுங்கை முனையின் மதகிலே மாலை தோறும் கைத்தொலைபேசியும் கையுமாய் அமர்ந்திருக்கும் இளைஞர் மீது அவருக்கு ஐயம் எழுந்தது. அவர்களைக் கடிந்துகொண்டார். அவர்களுள் ஒருவனின் தந்தை நாற்பது ஆண்டுப் பழக்கம் உள்ள அயலவர். அவரோடும் பேச்சு நின்றுபோயிற்று.

அவர் என்னை அழைத்துச் சொன்னது இதுதான்: “தம்பி, என்ரை வீட்டிலை இருக்கிற பெட்டிக்குள்ளை போக எனக்கு வழியில்லை. ஒழுங்கையாலை போறவன் எல்லாம் உள்ளை போறான்.”

அவர் கூற்றின் முற்பகுதி முற்றிலும் உண்மை. பிற்பகுதி உண்மையா என்பதை அறிவதற்கும் அப்பெட்டிக்குள்ளேயே புகவேண்டியிருந்தது.

ரவுட்டர் எனப்படும் அச்சிறு பெட்டிக்குத் திறப்புகள் இரண்டு என்பதைப் பலரும் அறியார். வைபைக் கடவுச்சொல் ஒன்று; அது இணைப்பைப் பயன்படுத்துவதற்கு உரியது. விருந்தினர் வந்தவுடன் கேட்பது அதைத்தான். மற்றையது பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கு உரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும். முன்னையது படலையின் திறப்பு எனின், பின்னையது காணியுறுதி வைத்திருக்கும் பெட்டகத்தின் திறப்பு. பின்னையது யாரிடம் இருக்கின்றதோ அவர் முன்னையதைத் தம் விருப்பம்போல் மாற்றலாம். நம்மவருட் பெரும்பாலோர் முன்னையதைக் காப்பதிலே கவனம் செலுத்திப் பின்னையதை, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே விட்டுவிடுகின்றனர்.

அமைப்புப் பக்கம் எங்கே இருக்கின்றது? அது இணையத்தில் இல்லை, அப்பெட்டிக்குள்ளேயே இருக்கின்றது. அதற்கு 192.168 எனத் தொடங்கும் எண் முகவரி ஒன்று உண்டு. 192.168.1.1, 192.168.0.1 என்பன பெருவழக்கு. சிம் அட்டை இட்டுப் பயன்படுத்தும் சில பெட்டிகளிலே 192.168.8.1 என்றிருக்கும். இவ்வாறு தொடங்கும் 65,536 எண்களும் வீட்டின் உட்பாவனைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 1996ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் இவ்வொழுங்கு நிலவுகின்றது. ஆகவே பருத்தித்துறையில் உள்ள ஒரு வீட்டின் பெட்டிக்கும் ரொறன்ரோவில் உள்ள ஒரு வீட்டின் பெட்டிக்கும் ஒரே முகவரி இருக்கலாம்; ஒன்றையொன்று குழப்பாது. வீட்டுக்குள் நின்று அழைத்தாலன்றி அம்முகவரி விடை தராது. இவ்வொன்றை மனத்திற் கொண்டால், பக்கம் திறக்கவில்லை என்னும் முறைப்பாடுகளிற் பாதிக்குக் காரணம் தானே விளங்கிவிடும்.

ஆசிரியர் செய்த முதற் பிழை, பலரும் செய்வது. முகவரியை உலாவியின் மேற்பட்டியிலே இடாது, தேடும் பெட்டியிலே இட்டார். தேடும் பெட்டி அவரை இணையத்துக்கு இட்டுச் சென்று, உதவி செய்வதாகச் சொல்லும் பல பக்கங்களைக் காட்டியது. அத்தகைய பக்கங்களிலே தொலைபேசி எண்ணோடு கூடியவை சில, ஏமாற்றுக்காரர் விரித்த வலை. அவற்றுக்கு அழைத்துக் கடவுச்சொல்லைக் கூறியவர் திறப்பைத் தாமே கள்வனிடம் கொடுத்தவராவர். எண் 1க்குப் பதிலாக அதைப் போலத் தோன்றும் ஆங்கில எல் எழுத்தையும், 0க்குப் பதிலாக ஓ எழுத்தையும் இடுவோரும் உளர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களாகவே இடுதல் நலம்.

இரண்டாவது தடை கைத்தொலைபேசியின் அதிபுத்திசாலித்தனம். வீட்டு இணைப்பு தளர்ந்திருப்பதைக் கண்டால் அது நம்மைக் கேளாமலே தொலைபேசி நிறுவனத்தின் டேட்டாவுக்குத் தாவிவிடும். வைபைக் குறி திரையிலே தெரிந்துகொண்டிருக்கும். ஆனால் நாம் இட்ட முகவரி வீட்டுக்கு வெளியே அலைந்துகொண்டிருக்கும். டேட்டா அளவு தீர்ந்துவிட்ட வீட்டில் இது அடிக்கடி நிகழ்வது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு மீண்டும் முயன்றால் பக்கம் திறக்கும். விபிஎன் என்னும் மறைவழிச் செயலி ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். இவை யாவற்றிலும் உறுதியான வழி, கணினியைப் பெட்டியோடு கம்பியால் இணைத்து முயல்வதே.

எண் முகவரியிலேயே ஐயம் இருப்பின் ஊகிக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியின் வைபை விவரத்திலே கேட்வே என்றோ ரவுட்டர் என்றோ குறித்திருக்கும் எண்ணே அது. விண்டோஸ் கணினியிலே கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்பிக் என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் இட்டால் டிபால்ட் கேட்வே என்ற வரியிலே காணலாம். விறாந்தையில் ஒரு பெட்டியும் மாடியில் இன்னொரு பெட்டியும் வைத்திருக்கும் வீடுகளிலே இங்கேதான் குழப்பம் நேரும். மாடிப் பெட்டியோடு இணைந்து நின்று அதன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, வாயிற்பெட்டி திறந்து கிடப்பதை அறியாது நிம்மதியாய் உறங்குவோர் பலர்.

பக்கம் திறந்து வரும்போது, இத்தளம் பாதுகாப்பற்றது என்று உலாவி எச்சரிக்கலாம். பெட்டி தனக்குத் தானே நற்சான்றிதழ் எழுதிக்கொண்டிருப்பதே இதன் காரணம். வெளியார் எவரும் அதற்குச் சாட்சியில்லை. நாம் இட்ட எண் நம் வீட்டுக் கேட்வேயின் எண்ணே என்பது உறுதியாயின் மேலே செல்லலாம். வேறெந்தத் தளத்திலும் இவ்வெச்சரிக்கையை அலட்சியம் செய்தல் ஆகாது.

ஆசிரியர் வீட்டிலே பக்கம் திறந்தது; கடவுச்சொல் பொருந்தவில்லை. பெட்டியின் அடியில் உள்ள ஒட்டுச்சீட்டிலே கண்டதை இட்டோம். மூன்று முறை மறுத்தபின் பெட்டி சிறிது நேரம் எம்மோடு பேச மறுத்துவிட்டது. இஃது அதன் தற்காப்பு. சில நிமிடங் காத்திருந்தால் இளகும். பொறுமையிழந்த ஆசிரியர் ஒரு குண்டூசியை எடுத்து வந்து, பின்புறச் சிறு துவாரத்திலே குத்தலாமா என்றார். நான் தடுத்தேன்.

அத்துவாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மின்சாரம் நின்று வருவதால் பெட்டியின் அமைப்புகள் அழிவதில்லை. அணைத்துப் போடுவதாலும் அழிவதில்லை. ஆனால் அத்துவாரத்துள் இருக்கும் ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அளவு அழுத்திப் பிடித்தால், பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே மீண்டுவிடும். மறந்த கடவுச்சொல் போய் ஒட்டுச்சீட்டுக் கடவுச்சொல் செல்லுபடியாகும். அதனோடு வேறு பலவும் போய்விடும். தொலைபேசிக் கம்பி வழி இணைப்புகளிலே, நிறுவனம் அளித்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டிக்குள் எழுதப்பட்டிருக்கும். அவை அழிந்தால் அமைப்புப் பக்கம் திறக்கும், இணையம் திறவாது. அவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்திராதவர் குண்டூசியை எடுத்தலாகாது. நிறுவனத்தை அழைத்து முதலில் அவற்றைப் பெற்றுக்கொள்க. சில நிறுவனங்கள் முழு அதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குச் சிற்றதிகாரம் மட்டுமே அளிக்கும். அங்கும் அவர்களை அழைப்பதே வழி.

மாரி காலத்து இடிமின்னலும் இதே வேலையைச் செய்வதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே கம்பி வழி வந்த மின்னல் பெட்டியைக் கருக்கிவிட, புதுப்பெட்டி வரும். பழைய பெட்டியிலே அரும்பாடுபட்டுச் செய்த காவல் எதுவும் புதியதில் இராது. ஒட்டுச்சீட்டுக் கடவுச்சொல்லோடு அது புதிதாகத் தொடங்கும். பெட்டி மாறிய அன்றே இவ்வேலையை மீண்டும் செய்ய வேண்டும் என்பதை ஏனோ எவரும் வாடிக்கையாளருக்குச் சொல்வதில்லை.

குண்டூசிக்கு மாறாக நாங்கள் இலண்டனில் உள்ள மகனை அழைத்தோம். 2019இல் ஊருக்கு வந்தபோது கடவுச்சொல்லைத் தாமே மாற்றியதாகவும், பழைய பஞ்சாங்கம் ஒன்றின் பின்னட்டையிலே எழுதியதாகவும் அவர் கூறினார். பஞ்சாங்கம் சுவாமியறையிலே கிடைத்தது. உள்ளே புகுந்தோம்.

உட்புகுந்தவர் காண வேண்டியன பல இருப்பினும், முதலிற் காண வேண்டியது இணைந்துள்ள கருவிகளின் பட்டியல். பெட்டியோடு அந்நேரத்தில் எவையெவை பேசிக்கொண்டிருக்கின்றன என்பதை அது காட்டும். ஆசிரியர் தம் வீட்டிலே மூன்று கருவிகளே உள்ளன என்றார். பட்டியலிலே ஏழு இருந்தன. அவர் முகம் சிவந்தது. மதகடியை நோக்கி எழுந்தே விட்டார். அவரை இருத்தி, வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பட்டியலிலிருந்து எது மறைகின்றது என்று பார்த்தோம். தொலைக்காட்சி ஒன்று, மகன் வாயிலிலும் கிணற்றடியிலும் பொருத்திச் சென்ற கமரா இரண்டு. இவை தம் வீட்டுப் பொருள்கள் என்பதே அவருக்கு நினைவில்லை. எஞ்சியது ஒரேயொரு டாப்லெட்.

டேட்டாவைத் தின்றது யாது என்பதையும் அப்பக்கமே காட்டியது. இரவும் பகலும் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கமராக்களே அவை. கணக்கு எளிது. விநாடிக்குப் பத்து இலட்சம் பிட் வீதம் அனுப்பும் ஒரு கமரா ஒரு நாளிலே 10 ஜிகாபைட்டுக்கு மேல் விழுங்கிவிடும். மதகடி இளைஞர் எவருடைய கருவியும் அங்கே இல்லை. ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை.

ஆனால் கமராக்களைப் பற்றிய செய்தி அதோடு முடியவில்லை. அவற்றின் கடவுச்சொல் தொழிற்சாலை இட்டதாகவே இருந்தது. வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்கென்று ரவுட்டரிலே வெளிவாயில் ஒன்றும் திறந்து விடப்பட்டிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகளிலே கமரா பொருத்துவது இன்று குடாநாட்டிலே பெருகிவரும் வழக்கம். காவலுக்கென்று வைத்த கண் அந்நியன் கண்ணாகிவிடும் இடமும் இதுவே. 2016ஆம் ஆண்டிலே மிராய் என்னும் தீநிரல், 60க்குச் சற்று மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே, உலகெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அச்சேனை ஒரு நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவிலே பல பெருந்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அக்கருவிகளின் சொந்தக்காரர் எவரும் தம் வீட்டுப் பொருள் படைக்குப் போயிருந்ததை அறிந்திலர். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் இட்டு விற்பதை ஐக்கிய இராச்சியம் 2024 ஏப்ரில் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. சட்டத்துக்குக் காத்திராமல் நாமே மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

ஆகவே முதலிலே அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றினோம், கமராக்களினதையும் மாற்றினோம். வெளியிலிருந்து பெட்டியை ஆளும் வழியையும், கமராவுக்கென்று திறந்திருந்த வாயிலையும் மூடினோம். அசைவு கண்டால் மட்டும் படம் அனுப்புமாறு கமராவைப் பணித்தோம். பின்னர் பூட்டின் வகையைப் பார்த்தோம். வைபையின் முதற் பூட்டாகிய டபிள்யூ.ஈ.பி. 2001இலேயே உடைக்கப்பட்டது, அது திரையிலே தெரிந்தால் பெட்டியையே மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது எனக் கொள்க. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, ஏ.ஈ.எஸ். என்னும் முறையோடு இருந்தாற் போதுமானது. 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் மிக நன்று.

டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு வசதியும் உண்டு. கடவுச்சொல்லுக்குப் பதிலாக எட்டு இலக்க எண் ஒன்றை ஏற்கும் குறுக்குவழி அது. எட்டு இலக்கம் என்றவுடன் கோடிக்கணக்கான முயற்சி வேண்டும் என்று தோன்றும். ஆனால் பெட்டி அதை முற்பாதி, பிற்பாதி என இரண்டாகப் பிரித்துச் சோதிக்கின்றது என்பதும், அதனால் 11,000 முயற்சிக்குள் அகப்பட்டுவிடும் என்பதும் 2011இல் வெளிப்பட்டன. அணைத்துவிடுதலே தக்கது. வலையமைப்பின் பெயரை மறைத்து வைத்தால் கள்வன் காணான் என்று சிலர் எண்ணுவர். தேடுவோனுக்கு அது மறைவன்று.

இனிக் கடவுச்சொல். நம்மவர் விரும்பி இடுவது தம் தொலைபேசி எண். இந்நாட்டுக் கைத்தொலைபேசி எண்கள் யாவும் 07 என்றே தொடங்குவதால் எஞ்சுவது எட்டு இலக்கம்; மிகுந்தால் பத்துக் கோடி. கள்வன் ஒழுங்கையில் நின்று அத்தனையையும் முயல வேண்டியதில்லை. கருவியும் பெட்டியும் கைகுலுக்கும் அந்தக் கணத்தைப் பதிவு செய்துகொண்டு வீடு சென்றால், விளையாட்டுக்கென்று விற்கப்படும் வலிய கணினி ஒன்று ஒரு மணித்தியாலத்துக்குள் பத்துக் கோடியையும் முயன்றுவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்திலே தொடர்ந்து எழுதினால் இக்கணக்குப் பொய்த்துவிடும். நினைவில் வைப்பதும் எளிது. 63 எழுத்து வரை இடமுண்டு. ஆசிரியர் இலக்கணம் கற்பித்தவராதலின் அவர் தேர்ந்த சொற்கள் எனக்கே புரியவில்லை.

கடவுச்சொல் மாறியவுடன் எல்லாக் கருவிகளும் அறுந்துபோகும்; வீட்டாருடையவற்றை மீண்டும் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். அவ்வாறு இணைத்து முடிந்தபின், எஞ்சியிருந்த அந்த டாப்லெட் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. அது யாருடையது என்பது மறுநாட் காலையிலே தெரிந்தது. ஒழுங்கைக்கு அப்பால் உள்ள வீட்டுச் சிறுமி படலையடியிலே வந்து நின்று, இணைப்பு வேலை செய்யவில்லையா என்று கேட்டாள். 2020இலே நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, அவள் பாடங்களைத் திரையிலே கேட்க வழியின்றி இருந்ததைக் கண்ட ஆசிரியரின் மனைவியார் தாமே கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்திருக்கின்றார். அவள் இப்பொழுது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள். கொடுத்தவர் கையெழுத்திலே அத்துண்டுத்தாள் அவளிடம் இன்னும் இருந்தது.

நம் பழைய வேலிகளிலே பொட்டு என்று ஒன்று உண்டு. அயல் வீட்டார் ஒழுங்கையைச் சுற்றாமல் உள்ளே வந்து போவதற்கு, அறிந்தே விட்ட இடைவெளி அது. ரவுட்டரிலும் அத்தகைய ஏற்பாடு இருக்கின்றது. விருந்தினர் வலையமைப்பு என்பர். அதற்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அவ்வழி வருபவர் இணையத்தைப் பயன்படுத்தலாம். வீட்டுக் கணினியையோ கமராவையோ அமைப்புப் பக்கத்தையோ தொட இயலாது. வேண்டும்போது அதை மட்டும் மூடலாம்; பல பெட்டிகளிலே அதற்கு வேகத்தையும் வரையறுக்கலாம். இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரையே முதல் விசாரணை நாடி வரும். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைதலைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் நம் நாட்டில் உண்டு. ஆகையால் பொட்டு வழியே வருபவர் இன்னார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விருந்தினர் வலையமைப்பை ஆசிரியர் தாமே திறந்தார். எண் முகவரியை இம்முறை மேற்பட்டியிலேயே இட்டார். புதிய கடவுச்சொல்லை, மனைவியார் எழுதிய அதே துண்டுத்தாளின் மறுபுறத்திலே எழுதிச் சிறுமியிடம் கொடுத்தார். மாலையிலே மதகடிப் பக்கம் நடந்து சென்றவர் திரும்பி வர வெகு நேரமாயிற்று.